சூடானால் ஏத்தம் ஏறாத புல்லுவெட்டி

தம்பி, விசுவமடுவில லாண்ட்மாஸ்ரர் (ரெண்டு சில்லு உழவு மிசின்) கழட்டிப் பூட்டின ஆள் எண்டு எழுதியிருந்தியள். இப்ப ஒன்ராரியோவில புல்லு வெட்டுற வேலைக்கு, ஏறியிருந்து ஓடுற பழைய மிசின் ஒண்டு வாங்கியிருக்கிறியள். கொஞ்ச நேரம் நல்லா ஓடுது, பிறகு ஏத்தத்தில நிண்டுபோகுது. பின் கியர் பெட்டிக்குள்ள 90 ஒயில் (தடிச்ச கியர் ஒயில்) ஊத்தலாமோ எண்டு கேக்கிறியள். ஊத்தாதேங்கோ.

கியர் மாத்தாமல் பெடலை மிதிச்சு ஓடுறதெண்டால் அது ஹைட்ரோஸ்ரற்றிக் பெட்டி. லாண்ட்மாஸ்ரரில பல்லோட பல்லுக் கொழுவிச் சில்லுச் சுத்தும். இதில பம்ப் ஒயிலைத் தள்ள, அந்த அமுக்கத்தில மோட்டர் சுத்தி, அதுக்குப் பிறகுதான் பற்சக்கரம். ஒயில் கொதிச்சு இளகினால் உள்ளுக்கயே கசிஞ்சு திரும்பிடும், இழுவை இராது. ஆறினால் திரும்ப ஓடும். உங்கட மிசின் செய்யிறதும் அதுதான்.

முதல்ல காசில்லாத வேலை. எஞ்சினை நிப்பாட்டி, பிளக் வயரைக் கழட்டி, ஆறினாப் பிறகு பின்னுக்குக் குனிஞ்சு பாருங்கோ. பெட்டிக்கு மேல சின்ன விசிறி இருக்கும். அதைச் சுத்தியும் பெட்டியின்ர சூடு தணிக்கிற செட்டையளுக்கு இடையிலயும் காய்ஞ்ச புல்லு அப்பிக் கிடந்தால் சூடு எங்க போறது? பிரஷ்ஷால தட்டி, காத்தடிச்சு எடுங்கோ. விசிறி இதழ் உடைஞ்சிருந்தால் மாத்துங்கோ. எஞ்சினில இருந்து பெட்டியைச் சுத்துற பெல்ற் தேஞ்சு பளபளத்திருக்கோ எண்டதையும் பாருங்கோ.

ஒயில் பிறகுதான். பெட்டி நம்பரை வைச்சுக் கையேட்டில பாருங்கோ. ஹைட்ரோ-கியர் கொம்பனிப் பெட்டியள் பலதுக்கு 20டபிள்யூ-50 எஞ்சின் ஒயில். டஃப் ரோர்க் கொம்பனியின்ர கே46 பெட்டி எண்டால் வடிக்கிற ஆணியே இல்லை, கழட்டிக் கவிழ்க்க வேணும். உங்கட கைக்கு அது பெரிய வேலையில்லை. ஒயில் மாத்தினால் உள்ளுக்க நிண்ட காத்தை எடுக்க வேணும். பின்சில்லைத் தூக்கி முட்டுக்குடுத்து, பைபாஸ் தடியை (ஒயிலைச் சுத்திவிட்டுச் சில்லை இலகுவாக்கிற தடி) திறந்து, எஞ்சினை மெல்ல ஓடவிட்டு, முன்னுக்கும் பின்னுக்கும் ஐஞ்சாறு தரம் மிதியுங்கோ. பிறகு தடியை மூடி அதே மாதிரி. அந்தத் தடியைத் திறக்காமல் மிசினைத் தள்ளிக்கொண்டு போகவும் கூடாது.

மற்றது, பின்சில்லைக் கழட்டேக்க அச்சில இருந்து சின்ன இரும்புக் கீ விழும். துலைச்சியளோ, அச்சுச் சுத்தும், சில்லு நிக்கும். திரும்பப் பூட்டேக்க அச்சுக்குக் கிறீஸ் பூசுங்கோ, இல்லாட்டில் கறள் பிடிச்சு அடுத்தமுறை சில்லு வராது.

இவ்வளவும் செய்தும் நிண்டால் பம்ப் தேஞ்சிட்டுது. புதுப் பெட்டி வாங்க முதல், மிசினுக்குக் குடுத்த காசோட அந்த விலையை வைச்சுப் பாருங்கோ. அதுவரைக்கும் இரணைமடுக் குளத்துக்குக் கீழ வயல் மாதிரி மட்டமான வளவுகளை மட்டும் வேலைக்குப் பிடியுங்கோ.