தீபாவளிக்கு ஊருக்குப் போனோம், பவளம் வெளுத்துவிட்டது

கேள்வி: மூன்று நாள் ஈப்போவில் மாமியார் வீட்டில் இருந்துவிட்டு பட்டர்வொர்த் திரும்பினோம். இடையில் மீன்தொட்டித் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் நின்றுபோய், தண்ணீர் 32 டிகிரிக்கு ஏறிவிட்டது. மீன்கள் தப்பிவிட்டன. ஆனால் தொட்டியில் வளர்க்கும் மூளைப் பவளம் (மூளை போல மடிப்பு மடிப்பாக இருக்கும் கடல் உயிர்) முழுக்க வெள்ளையாகிவிட்டது. ஒரு பக்கம் சதை சுருங்கி எலும்பும் தெரிகிறது. சில்லரைச் சரிசெய்துவிட்டோம். கடைக்காரர் 380 ரிங்கிட்டுக்கு மூன்று போத்தல் மருந்து வாங்கச் சொல்கிறார். வாங்கவா, இல்லை தூக்கிப்போடவா?

பதில்: இரண்டும் வேண்டாம். என் முதல் பவளத்தை நான் இப்படித்தான் அவசரப்பட்டுக் குப்பையில் போட்டேன். இன்றும் உறுத்துகிறது.

பவளத்தின் சதைக்குள் குடியிருக்கும் நுண்பாசிதான் அதற்குப் பெரும்பங்கு சாப்பாடு போடுகிறது. தண்ணீர் சூடேறினால் பவளம் அந்தப் பாசியை வெளியே தள்ளிவிடும். சதை கண்ணாடி போலாகி உள்ளே இருக்கும் வெள்ளை எலும்பு தெரியும். 2010-இல் ரெடாங், தியோமான், பாயார் தீவுகளில் சில முக்குளிப்பு இடங்களை மூடினார்களே, அங்கே கடலில் நடந்ததும் இதுதான். உங்கள் பவளம் பட்டினி கிடக்கிறது, அவ்வளவுதான்.

சந்தேகமிருந்தால் இரவில் விளக்கணைத்து இரண்டு மணி நேரம் கழித்துக் கைப்பேசி விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். வெள்ளைப் பரப்பு வழவழப்பாகவும், அங்கங்கே ஊசிமுனை போல் சிறு கைகள் நீண்டும் இருந்தால் உயிர் இருக்கிறது. செத்த எலும்பு சொரசொரப்பாக இருக்கும். சில நாளிலேயே அதில் பச்சைப் பாசி ஏறிவிடும். எலும்பு தெரியும் அந்த ஓரத்தைச் சுரண்டாதீர்கள், ஒட்டுப் பசையும் பூசாதீர்கள். மிச்சச் சதை தேறினால் அதுவே மெல்ல ஊர்ந்து மூடப் பார்க்கும்.

பவளத்தை அடிமணலில், தண்ணீர் நேராக மோதாத இடத்தில் வையுங்கள். விளக்கைப் பாதியாகக் குறையுங்கள். நிறம் திரும்பத் தொடங்கிய பிறகு வாரத்துக்குக் கொஞ்சமாகக் கூட்டினால் போதும். வாரம் இரண்டு முறை ஊட்ட வேண்டும். இதற்குக் காசு செலவில்லை. மினரல் வாட்டர் போத்தலின் அடிப்பாகத்தை வெட்டிவிட்டுப் பவளத்தின் மேல் கூடாரம் போலக் கவிழ்த்து வையுங்கள். பம்பை நிறுத்திவிட்டு, மீன் தீனியாக விற்கும் உறைந்த மைசிஸ் என்ற குட்டி இறாலைக் கரைத்து, பொடியாக நறுக்கி, ஊசியில்லாத சிரிஞ்சால் போத்தல் வாய் வழியாக விடுங்கள். கால் மணி நேரம் அப்படியே இருக்கட்டும். கூடாரம் இல்லாவிட்டால் மீன்கள் பிடுங்கித் தின்றுவிடும்.

இப்போது அந்த மூன்று போத்தல். என் அனுபவத்தில் பவளத்தைவிடக் கடைக்காரரின் கல்லாவைத்தான் இவை தேற்றுகின்றன. சோதித்து அளக்க முடியாத எதையும் தொட்டியில் ஊற்றாதீர்கள். காரத்தன்மை 8-லிருந்து 9 டிகேஎச் (அதை அளக்கும் அலகு), உப்படர்த்தி 1.025, வெப்பம் 26 டிகிரி. இந்த மூன்றும் ஆடாமல் நின்றால் போதும். காரத்தன்மை குறைந்திருந்தாலும் ஒரே நாளில் 1 டிகேஎச்சுக்கு மேல் ஏற்றக் கூடாது. வாரம் பத்தில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றுங்கள். குழாய்த் தண்ணீர் வேண்டாம், ஆர்ஓ (நுண்சவ்வில் வடிகட்டிய) தண்ணீரில் கடலுப்புக் கலந்ததுதான் வேண்டும்.

இன்னொரு வலையும் விரிப்பார்கள். "இது போகட்டும், கடலிலிருந்து நேரே வந்தது, மலிவு" என்று வாட்ஸ்அப்பில் படம் வரும். உங்கள் மூளைப் பவளம் உள்படக் கல் பவளம் எல்லாமே சைட்டீஸ் எனும், அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் உலக ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. எல்லை தாண்டிவர பெர்மிட் வேண்டும். நம் மலேசியாவிலும் இதற்கென்று 2008-ஆம் ஆண்டின் சட்டம் இருக்கிறது. கடையில் பெர்மிட்டைக் கேட்டுப் பாருங்கள், "அது சப்ளையரிடம் இருக்கு" என்பார்கள். இதைப் பற்றி ஓர் அரசு அலுவலகத்தில் கேட்டேன், வேறோர் அலுவலகத்தைக் கைகாட்டினார்கள். அங்கே போனால் மறுபடி முதல் அலுவலகம். இப்படியிருக்கச் சட்டம் இருந்து என்ன, இல்லாவிட்டால் என்ன!

சரி, பொறுத்திருங்கள் என்றுதான் இதுவரை சொன்னேன். பொறுக்கக் கூடாத நிலை ஒன்று உண்டு. சதையின் மேல் பழுப்புச் சளி போல ஏதாவது படர்ந்து ஆடினால், எடுத்தால் அழுகல் நாற்றம் அடித்தால், அன்றைக்கே கை வையுங்கள். முதலில் எல்லாப் பம்பையும் நிறுத்துங்கள், இல்லாவிட்டால் சளி பறந்து மற்றப் பவளங்களில் ஒட்டிக்கொள்ளும். சிறு குழாயால் சளியை உறிஞ்சி வாளியில் விடுங்கள். அந்தத் தண்ணீரைத் திருப்பி ஊற்றாதீர்கள். அப்புறம் பவளத்தை மெல்ல எடுத்து, தொட்டித் தண்ணீரே உள்ள இன்னொரு வாளியில், பவளத்துக்கென்றே விற்கும் அயோடின் கரைசலை லேபிளில் சொன்ன அளவில், சொன்ன நேரம் மட்டும் காட்டுங்கள். கூடுதலாக ஊற்றினால் மிச்சச் சதையும் போய்விடும். பிறகு தனி வாளியில் காற்றுக்கல்லும் ஹீட்டரும் போட்டுச் சில நாள் பார்த்துவிட்டுத்தான் தொட்டிக்குள் விட வேண்டும். இத்தனையும் சளி இருந்தால் மட்டும். வெறுமனே வெளுத்த பவளத்தை அயோடினில் முக்காதீர்கள்.

நிறம் திரும்பச் சில வாரமும் ஆகலாம், சில மாதமும் ஆகலாம். மிச்சமாகும் 380 ரிங்கிட்டில் தண்ணீர்ப் பரப்பில் காற்றடிக்கும் சிறு விசிறியும், 28 டிகிரியில் தானாக அதை முடுக்கிவிடும் கருவியும் வாங்கிப் பொருத்துங்கள். நம் ஊர்ப் புழுக்கத்திலும் ஒன்றிரண்டு டிகிரி இறங்கும். ஆவியாவது வெறும் தண்ணீர்தான், அதனால் குறைவதை உப்பில்லாத ஆர்ஓ தண்ணீரால் நிரப்ப வேண்டும். ஊருக்குப் போகும்போது பக்கத்து வீட்டில் சாவியோடு இதையும் சொல்லிவிட்டுப் போங்கள்.