ஊசி குத்தாமல் மார்பகக் கட்டியைக் கண்டறிய முடியாதா?

கேள்வி: எனக்கு வயது 44. மார்பில் ஒரு சென்டிமீட்டர் அளவில் கட்டி இருக்கிறது, பயாப்ஸி (ஊசியால் கட்டியிலிருந்து திசுத் துணுக்கு எடுத்துச் சோதிப்பது) செய்யச் சொல்கிறார்கள். ஊசி குத்தினால் புற்றுநோய் பரவிவிடும் என்கிறார்கள், பயமாக இருக்கிறது. எம்.ஆர். ஸ்பெக்ட்ராஸ்கோபி எடுத்தால் போதாதா?

பதில்: போதாது. பயாப்ஸியைத் தள்ளிப்போடாதீர்கள்.

நீங்கள் கேட்டிருக்கும் பரிசோதனை நல்ல பரிசோதனைதான். எம்.ஆர்.ஐ. கருவியிலேயே, கூடுதலாகச் சில நிமிடங்களில் எடுத்துவிடலாம், ஊசியும் இல்லை, கதிர்வீச்சும் இல்லை. சாதாரண எம்.ஆர்.ஐ. கட்டியின் உருவத்தைக் காட்டும், இது கட்டிக்குள் என்ன வேதிப்பொருள் இருக்கிறது என்று காட்டும். புற்றுநோய் செல்கள் வேகமாகப் பெருகும்போது செல் சவ்வை ஓயாமல் கட்டிக்கொண்டே இருக்க வேண்டும், அதற்கான மூலப்பொருளான கோலின் சேர்மங்கள் அங்கே குவியும், வரைபடத்தில் 3.2 பி.பி.எம். என்ற இடத்தில் ஒரு சிறு முகடாகத் தெரியும்.

சிக்கல் இங்கேதான். மார்பகத்தில் தண்ணீரும் கொழுப்பும் எழுப்பும் சிக்னல் மிகப் பெரியது, அதற்கு நடுவே கோலினின் சின்ன முகடைப் பிடிக்க வேண்டும். உங்களுடையதைப் போல ஒரு சென்டிமீட்டர் அளவுள்ள கட்டியில் அது தெரியாமலே போகலாம். அப்புறம், பால் கொடுக்கும் தாயின் மார்பிலும் சில சாதாரணக் கட்டிகளிலும் கோலின் தெரிவதுண்டு. முகடு இல்லை என்பதற்காகப் புற்றுநோய் இல்லை என்று சொல்ல என்னால் முடியாது.

சரி, புற்றுநோய் என்றே இருந்தாலும் அந்த செல்களில் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் ஹார்மோன்களுக்கான ஏற்பிகள், ஹெர்2 என்ற புரதம் எல்லாம் எப்படி இருக்கின்றன என்று பார்த்துத்தான் மருந்தை முடிவு செய்வோம். அதற்குத் திசுத் துணுக்கு கட்டாயம் வேண்டும்.

ஆராய்ச்சியாளர்கள் ஸ்பெக்ட்ராஸ்கோபியில் ஆர்வம் காட்டுவது பெரும்பாலும் வேறொரு காரணத்துக்காக. அறுவை சிகிச்சைக்கு முன் கீமோதெரபி கொடுக்கும்போது, முதல் மருந்து ஏறிய 24 மணி நேரத்திலேயே கோலின் குறைவது சிலரிடம் தெரிந்திருக்கிறது, கட்டி சுருங்குவதோ வாரக்கணக்கில்தான் தெரியும். மருந்து கேட்கிறதா என்று அவ்வளவு சீக்கிரம் தெரிந்தால் எத்தனை பேருக்கு வீண் வேதனை மிச்சமாகும்! ஆனால் அது இன்னும் அன்றாட மருத்துவத்துக்கு வரவில்லை.

பரவிவிடும் என்ற பயத்தை விடுங்கள். ஊசி போகும் வழியில் ஓரிரு செல்கள் ஒட்டலாம், அதனால் நோய் பரவி ஆயுள் குறைவதாக ஆய்வுகள் காட்டவில்லை. மரத்துப்போக மருந்து போட்டுத்தான் எடுப்பார்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றால் மட்டும் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.