நாற்பதோடு முடிகிற பட்டியல்

கேள்வி: எனக்கு 54 வயது. கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் கணக்கர் வேலை. மகளுக்குக் கல்யாணமாகி ஏழு வயதில் ஒரு பேத்தி இருக்கிறாள். போன மாதம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் என் நாத்தனார் மகன் ஒரு படம் போட்டான். 'தமிழில் பெண்ணின் ஏழு பருவங்கள்' என்று தலைப்பு. பேதை 5 முதல் 7 வயது, பெதும்பை 8 முதல் 11, மங்கை 12 முதல் 13, மடந்தை 14 முதல் 19, அரிவை 20 முதல் 25, தெரிவை 26 முதல் 31, பேரிளம்பெண் 32 முதல் 40. அத்தோடு முடிந்தது. கீழே, "அத்தை, உங்களுக்குத் தமிழ்லயே பேர் இல்ல போலிருக்கே" என்று எழுதி நாலு சிரிப்புப் பொம்மை. அவனுக்கு 34 வயது, விளையாட்டாகத்தான் சொன்னான். நானும் சிரித்தேன். ஆனால் அன்றிலிருந்து மனசு என்னவோ போல் இருக்கிறது. மாதவிடாய் நின்று இரண்டு வருடம் ஆகிறது. தலைக்குச் சாயம் பூசுவதை விட்டுவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த நேரம் வேறு. நாற்பதுக்கு மேல் ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்ல நம் பழைய புலவர்களுக்கு ஒன்றுமே இல்லையா? படத்தைப் பார்த்த பேத்தி, "நான் பேதையா பாட்டி?" என்று கேட்கிறாள். அவளுக்கு என்ன பதில் சொல்வது?
வாசகி, கும்பகோணம்.

பதில்: அன்புள்ள தங்கைக்கு,

உங்களைவிட எனக்குப் பத்து வயது கூட, அதனால் தங்கை என்றே கூப்பிடுகிறேன். அந்தப் படம் என் கைப்பேசிக்கும் மூன்று முறை வந்துவிட்டது. ஒருமுறை ரோஜாப்பூ பார்டரோடு.

பட்டியல் பொய்யில்லை. வயதுக் கணக்கு பாட்டியல் (சிற்றிலக்கியங்களுக்கு இலக்கணம் சொல்லும் நூல்) நூலுக்கு நூல் கொஞ்சம் முன்பின் இருக்கும், அவ்வளவுதான். ஆனால் அது எங்கிருந்து வந்தது என்பதைப் படம் போட்டவர்கள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் உங்களுக்கு இந்த மனக்கஷ்டமே வந்திருக்காது.

அது உலா என்ற சிற்றிலக்கியத்தின் பட்டியல். அரசனோ சாமியோ வீதியில் பவனி வருவார். வீதியின் இரண்டு பக்கமும் ஏழு வயதுநிலைப் பெண்கள் நின்று பார்ப்பார்கள். பார்த்ததும் மயங்குவார்கள், வளை கழலும், மேனி பசக்கும். கலிவெண்பாவில் நீளமாகப் போகும். சேரமான் பெருமாள் நாயனார் பாடிய திருக்கைலாய ஞான உலாதான் முதல் உலா என்பதால் அதற்கு ஆதியுலா என்றே பெயர். 12ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் விக்கிரம சோழனுக்கு ஒன்று, அவன் மகன் இரண்டாம் குலோத்துங்கனுக்கு ஒன்று, பேரன் இரண்டாம் ராஜராஜனுக்கு ஒன்று என்று மூன்று உலா பாடினார். மூவருலா என்பது அதுதான். யோசித்துப் பாருங்கள்: தாத்தா போய், அப்பா போய், பேரன் யானை மேல் ஏறிவிட்டான். கீழே வீதியில் நிற்கும் ஏழு பெண்களுக்கும் ஒரு வயதுகூடக் கூடவில்லை!

யானை மேல் இருப்பவருக்குத் தோதாகப் போட்ட கணக்கு அது. யார் பார்த்தால் கவி சுவைக்கும் என்பதுதான் அங்கே கேள்வி. பெண்ணின் ஆயுளை அளப்பது நோக்கமே இல்லை. ஐந்து வயதுக் குழந்தையையும் அந்த வரிசையில் நிறுத்தியிருப்பது இன்று படிக்கும்போது எனக்குக் கூசுகிறது. பாடியவர்களுக்கும் கொஞ்சம் கூச்சம் இருந்திருக்க வேண்டும். பேதையை அநேகமாகப் பாவையும் சிற்றிலுமாக விளையாட விட்டு, காதல் இன்னதென்று அறியாதவள் என்றே பாடுகிறார்கள்.

இன்னொன்று, இந்தச் சொற்கள் உலாவுக்கு முன்பே தமிழில் இருந்தவை. குறுந்தொகையின் 'கொங்குதேர் வாழ்க்கை' பாட்டில் 'செறியெயிற்று அரிவை கூந்தலின் நறியவும் உளவோ' என்று வருகிறதே, அந்த அரிவைக்கு யாரும் பிறப்புச் சான்றிதழ் பார்க்கவில்லை. பொதுவாகப் பெண் என்றுதான் பொருள். வயதைக் கட்டி வைத்தது பின்னால் வந்த இலக்கணக்காரர்கள். அவர்களுக்கும் கடைசியில் கை நடுங்கியிருக்கிறது பாருங்கள், நாற்பதில் நிற்பவளுக்குக்கூடப் பேர்-இளம்-பெண் என்று நடுவில் ஓர் இளமையைச் செருகித்தான் பெயர் வைத்தார்கள்.

சரி, வேறு யாராவது வேறு மாதிரி எண்ணியிருக்கிறார்களா?

தாய் எண்ணியிருக்கிறாள். பிள்ளைத்தமிழ் அவள் கணக்கு. அங்கே பருவம் மாதத்தில் வரும்: தலையை நிமிர்த்தி ஆடுகிற செங்கீரை ஐந்தாம் மாதம், கை கொட்டுகிற சப்பாணி ஒன்பதாம் மாதம் என்று. ஒரு குழந்தைக்குப் பத்துப் பருவம். அதற்கப்புறம் பட்டியல் நின்றுவிடும். 'எனக்குப் பத்து வயதாகிறது, பிள்ளைத்தமிழில் என்னைக் காணோமே' என்று எந்தப் பிள்ளையும் அழுததாகத் தெரியவில்லை.

துறவியும் எண்ணியிருக்கிறார். பட்டினத்தார் பெயரில் வழங்கும் உடற்கூற்று வண்ணம், 'ஒருமட மாதும் ஒருவனும் ஆகி' என்று கருவில் தொடங்கிச் சுடுகாடு வரை ஒரே மூச்சில் ஓடும். முதுமை அதில் 'மந்தி எனும்படி குந்தி நடந்து' வருகிறது. சந்தம் அபாரம். ஆனால் உங்கள் இப்போதைய மனநிலையில் ராத்திரி படுக்கப் போகும் முன் அதைக் கேட்க வேண்டாம். அது முழுக்க ஆணின் ஆயுள்தான், பெண் அங்கே சுகம் தரவும் கடைசியில் அழவும் வருகிறாள்.

அதே துறவு நோக்கில் எனக்குப் பிடித்தது குண்டலகேசிப் பாட்டு ஒன்று. காப்பியம் முழுதாகக் கிடைக்கவில்லை, உதிரியாகச் சில பாட்டுகளே மிச்சம். அதில் ஒன்று:

பாளையாம் தன்மை செத்தும் பாலனாம் தன்மை செத்தும்
காளையாம் தன்மை செத்தும் காமுறும் இளமை செத்தும்
மீளும்இவ் இயல்பும் இன்னே மேல்வரு மூப்பும் ஆகி
நாளும்நாள் சாகின் றாமால் நமக்குநாம் அழாதது என்னோ

கருவாக இருந்தது செத்தால்தான் குழந்தை, குழந்தை செத்தால்தான் காளை. இப்படித் தினமும் செத்துக்கொண்டிருக்கிற நமக்காக நாம் ஏன் அழவில்லை என்று கேட்கிறது. முதலில் படிக்கும்போது பயமாகத்தான் இருக்கும். எனக்கு இதில் ஒரு நியாயம் தெரிகிறது. உங்களுக்குள் இருந்த ஏழு வயதுப் பெண் போனபோது யாரும் துக்கம் கேட்க வரவில்லை. மடந்தை போனபோது கல்யாணச் சாப்பாடு போட்டார்கள். ஐம்பதில் போவதற்கு மட்டும் ஏன் இந்த ஒப்பாரி?

இப்போது உங்கள் கேள்விக்கு நேராக வருகிறேன். நரைத்த பெண் நம் பழைய பாட்டில் இருக்கிறாளா? இருக்கிறாள். குறுந்தொகை 23ஆம் பாட்டைத் திறந்து பாருங்கள். பாடியவர் ஔவையார்.

அகவன் மகளே அகவன் மகளே
மனவுக்கோப்பு அன்ன நன்னெடுங் கூந்தல்
அகவன் மகளே பாடுக பாட்டே
இன்னும் பாடுக பாட்டே அவர்
நன்னெடுங் குன்றம் பாடிய பாட்டே

அகவன் மகள் என்றால் தெய்வங்களைக் கூவி அழைத்துப் பாடிக் குறி சொல்கிற பெண், கட்டுவிச்சி. வீட்டில் மகள் உடம்பு இளைத்துக்கொண்டே போகிறாள். என்ன ஏது என்று தாய்க்குப் புரியவில்லை, கட்டுவிச்சியைக் கூப்பிட்டு உட்கார வைத்திருக்கிறாள். அவள் மலைகளையெல்லாம் ஒவ்வொன்றாகப் பாடிக்கொண்டு வருகிறாள். ஒரு மலையின் பெயர் வந்ததும் தோழி பிடித்துக்கொள்கிறாள்: "அந்தப் பாட்டை இன்னும் பாடு, அவருடைய மலையைப் பாடினாயே, அதைப் பாடு." அந்த 'அவர்' என்ற ஒரு சொல்லில் ரகசியம் உடைந்துவிட்டது. யார் அந்த அவர் என்று இனி தாய் கேட்டே ஆகவேண்டும். காதல் வெளியே வந்தாயிற்று.

அந்தக் கூந்தலைக் கவனியுங்கள். மனவு என்றால் சங்குமணி. மணியைக் கோத்தது போல வெள்ளை வெளேரென்று இருக்கிறது. உரைகாரர்கள் அவள் முதுமையைத்தான் இது காட்டுகிறது என்கிறார்கள். முழுக்க நரைத்த அந்தத் தலைமுடியை ஔவையார் என்ன சொல்லிப் பாடுகிறார்? 'நன்னெடுங் கூந்தல்.' அதே 'நன்னெடு'வைத்தான் தலைவனின் மலைக்கும் கொடுக்கிறார். கருத்த கூந்தலுக்கு மேகம், மணல், பாசி என்று ஆயிரம் உவமை பார்த்திருக்கிறேன். நரைக்கு நகையை உவமையாக வைத்ததைப் படித்த அன்று புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். அந்தக் கிழவியின் வயது, மாமியார் யார், எத்தனை பிள்ளை, எதுவும் பாட்டில் இல்லை. அவள் வேலைக்கு வந்திருக்கிறாள். தாயும் தோழியும் அவள் வாயைப் பார்த்துக்கொண்டு காத்திருக்கிறார்கள். நீங்களும் வேலை பார்க்கிறவர், உங்களுக்குப் புரியும்.

புறநானூற்றிலும் முதிய பெண்கள் உண்டு. 277ஆம் பாட்டில் பூங்கணுத்திரையார் 'மீனுண் கொக்கின் தூவி அன்ன வால்நரைக் கூந்தல் முதியோள்' ஒருத்தியைக் காட்டுகிறார். யானையை வீழ்த்தி மகன் களத்தில் செத்தான் என்று கேட்டதும் பெற்ற நாளைவிடப் பெரிய மகிழ்ச்சி அவளுக்கு. கூடவே மூங்கிலில் தங்கிச் சொட்டும் மழைத்துளியைவிட அதிகமாகக் கண்ணீர். ஆனால் அவள் மகனால்தான் பாட்டுக்குள் வருகிறாள், அதை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை.

பட்டியலுக்கு வெளியே தானாகவே நடந்து போனவர்களும் இருக்கிறார்கள். கல்யாணப் பேச்சு வந்தபோது பிள்ளையாரிடம் முதுமையைக் கேட்டு வாங்கிக்கொண்ட ஔவைப்பாட்டியின் கதை உங்களுக்குத் தெரிந்ததே. (குறுந்தொகை ஔவையார் வேறு, இவர் வேறு.) காரைக்கால் அம்மையார் இன்னும் ஒரு படி மேலே. கணவனுக்காகச் சுமந்த அழகு இனி வேண்டாம் என்று உதறிவிட்டுப் பேயுருவம் கேட்டார் என்கிறது பெரியபுராணம். அவரே பாடிய ஆலங்காட்டுப் பதிகத்தில் 'கொங்கை திரங்கி நரம்பெழுந்து' என்று ஒரு பெண்பேயை வருணிக்கிறார். உலாப் புலவர்கள் எந்த உறுப்பைப் பார்த்துப் பாடினார்களோ அதிலேயே தொடங்குகிறார். சிவன் அவரைக் கூப்பிட்டது 'அம்மையே' என்று. பேரிளம்பெண்ணே என்று கூப்பிடவில்லை!

ஒன்று மட்டும் டாக்டரம்மா மாதிரி சொல்லிவிடுகிறேன். மாதவிடாய் நின்ற காலத்தில் மனசு சோர்வது உடம்பின் வேலையாகவும் இருக்கலாம். தூக்கமும் பசியும் கெட்டுப்போய் வாரக்கணக்கில் நீடித்தால் பாட்டுப் புத்தகத்தை வைத்துவிட்டு மருத்துவரைப் பாருங்கள். சாயம் உங்கள் இஷ்டம். நான் பூசுகிறேன். சங்குமணி, கொக்குச்சிறகு எல்லாம் படித்த பிறகும் பூசத்தான் செய்கிறேன். சோம்பல் வரும் மாதம் விட்டுவிடுவேன்.

பேத்திக்கு, 'நீ பேதை இல்லை, அது ஒரு ராஜா ஊர்வலப் பாட்டில் வரும் பெயர்' என்று சொன்னால் போதும். கூடவே புறநானூறு 243ஐ ஒரு நாள் அவளுக்குக் கதையாகச் சொல்லுங்கள். பூண் போட்ட கைத்தடியை ஊன்றிக்கொண்டு, நடுங்கி, இருமலுக்கு நடுவே நாலு சொல் பேசுகிற ஒரு தாத்தா, சின்ன வயதில் தான் குளித்த குளியலை நினைக்கிறார். அவர் சொந்தப் பெயர் தொலைந்துபோய், பாட்டில் வந்த அந்தத் தடியே தொடித்தலை விழுத்தண்டினார் என்று அவருக்குப் பெயராகிவிட்டது. மணற்பாவைக்குப் பூச்சூட்டி, பெண்பிள்ளைகளோடு கை கோத்து ஆடி, தண்ணீருக்கு மேல் தாழ்ந்த மருதமரக் கிளையில் ஏறி, கரையில் நிற்பவர்கள் மிரளும்படி 'துடுமெனப் பாய்ந்து', ஆழத்துக்குப் போய்வந்ததற்குச் சாட்சியாக ஒரு பிடி மணலை அள்ளி வந்த இளமை. அந்த 'துடும்' வரும் இடத்தில் நீங்கள் கொஞ்சம் சத்தமாகச் சொல்ல வேண்டும். தன்னைத் தானே பார்த்த அந்தக் கிழவருக்கு ஏழு பருவம் தேவைப்படவில்லை. அன்று, இன்று, இரண்டோடு சரி.

அப்புறம் உங்கள் நாத்தனார் மகன். ஆண்களுக்கும் பட்டியல் உண்டு, அதை ஏனோ யாரும் படம் போட்டு அனுப்புவதில்லை. பன்னிரு பாட்டியலில் இருக்கிறது: ஏழு வயது வரை பாலன், பத்து வரை மீளி, பதினான்கு வரை மறவோன், பதினைந்து திறலோன், பதினாறு காளை, அங்கிருந்து முப்பது வரை விடலை. முப்பதைத் தாண்டினால் முதுமகன். உங்கள் மருமகனுக்கு 34 என்கிறீர்கள். ஒரு ரோஜாப்பூ பார்டர் போட்டுக் குழுவில் அனுப்பிவிடுங்கள்.