‘முதல்ல ஒரு சாம்பிள் பண்ணிக் காட்டுங்க’: வெப் டிசைனரிடம் இப்படிக் கேட்கலாமா?

கேள்வி: கரூரில் படுக்கை விரிப்பு, தலையணை உறை, மேசை விரிப்பு தயாரித்து விற்கிறோம். நேரடி விற்பனைக்கு ஒரு வலைத்தளம் தொடங்கலாம் என்று ஐந்து டிசைனர்களிடம் பேசினேன். ‘முகப்புப் பக்கம் மட்டும் ஒரு சாம்பிள் பண்ணிக் காட்டுங்க, பிடிச்சா வேலை உங்களுக்குத்தான்’ என்றேன். இருவர் பதிலே போடவில்லை. ஒருவர் சாம்பிளுக்கே 4,000 ரூபாய் கேட்டார். இருவர் அனுப்பினார்கள். அதில் ஒன்று அருமையாக இருக்கிறது, ஆனால் அவர் மொத்த வேலைக்குச் சொல்லும் விலை கட்டுப்படியாகவில்லை. அந்த டிசைனை வைத்து வேறொருவரிடம் குறைந்த விலைக்கு முடித்துக்கொள்ளலாமா? துணி வியாபாரத்தில் சாம்பிள் பார்க்காமல் யாரும் ஆர்டர் தருவதில்லையே, இதில் மட்டும் ஏன் கோபித்துக்கொள்கிறார்கள்?

பதில்: அந்த டிசைனை இன்னும் யாருக்கும் அனுப்பவில்லை என்றால், அனுப்பாதீர்கள். அது உங்கள் வாட்ஸ்அப்பில் இருக்கிறதே தவிர உங்களுடையது அல்ல.

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் (1957), 17ஆவது பிரிவின்படி, ஒரு படைப்பின் முதல் உரிமையாளர் அதைப் படைத்தவர்தான். உங்களிடம் சம்பளத்துக்கு இருப்பவர் வேலையின் பகுதியாகச் செய்தது உங்களுக்குச் சேரும். வெளியாள் செய்தது அப்படிச் சேராது. ஒளிப்படம், ஓவியம் போன்ற சில வகைகளுக்கு மட்டும், காசு கொடுத்துச் செய்யச் சொன்னவருக்கே உரிமை என்று சட்டம் விலக்குத் தருகிறது. வலைப்பக்க டிசைனுக்கு அந்த விலக்கை நம்ப முடியாது. நீங்களோ காசும் கொடுக்கவில்லை. மேலே பெரிய படம், கீழே மூன்று வகைகள் என்ற பொதுவான அடுக்கு யாருக்கும் சொந்தமல்ல. ஆனால் அவர் வரைந்த பூவேலை, ஐகான், எழுத்தும் வண்ணமும் சேர்ந்த அந்தத் தோற்றத்தை அச்சு அசலாக எடுத்து இன்னொருவர் தளம் கட்டினால் அது நகல். அவர் நோட்டீஸ் அனுப்பினால் உங்களிடம் காட்டக் காகிதம் எதுவும் இருக்காது.

டிசைன் மட்டும் போதும், ஆள் வேண்டாம் என்றால் விலை பேசி வாங்குங்கள். 19ஆவது பிரிவுப்படி உரிமை மாற்றம் எழுத்தில், தருபவரின் கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். எந்த டிசைன், எந்தெந்த உரிமைகள், எவ்வளவு தொகை என்பதோடு, காலமும் இடமும் கட்டாயம் எழுதுங்கள். காலத்தைக் குறிக்காவிட்டால் சட்டம் அதை 5 ஆண்டு என்று எடுத்துக்கொள்ளும். இடத்தைக் குறிக்காவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்று கொள்ளும். ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால், வேறுவிதமாக எழுதியிருந்தால் ஒழிய, அந்த உரிமை காலாவதியாகிவிடும். ‘பதிப்புரிமைக் காலம் முழுவதும், உலகம் முழுவதும், ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டாலும் செல்லும்’ என்று ஒரு வரி இருந்தால் மூன்றும் அடைபடும். சாம்பிளில் உள்ள படங்களையும் எழுத்துருக்களையும் அவர் எங்கிருந்து எடுத்தார் என்று கேட்டுவிடுங்கள். படம் விற்கும் தளத்தின் வாட்டர்மார்க் முத்திரை விழுந்த ஸ்டாக் படம் இருந்தால் அது அவருக்கும் சொந்தமில்லை, உங்களுக்கு விற்கவும் முடியாது.

இனி சாம்பிள் விஷயம். ஜவுளியில் இரண்டு வகைச் சாம்பிள் உண்டு. ஏற்கெனவே நெய்த துணியிலிருந்து நாலு விரல் வெட்டிக் கொடுப்பது ஒன்று. அதற்கு யாரும் காசு கேட்பதில்லை. வாங்க வருபவர் தன் கையால் வரைந்த டிசைனைக் காட்டி, ‘இதை ஒரு மீட்டர் நெய்து காட்டுங்க’ என்பது இன்னொன்று. அதற்குப் புதிதாகப் பாவு ஓட்ட வேண்டும், சாயம் போட வேண்டும், தறி ஒன்று நிற்க வேண்டும். முன்பின் தெரியாத ஒருவருக்கு, ஐந்து பேரில் ஒருவராக, அதை நீங்கள் சும்மா செய்து தருவீர்களா? டிசைனரின் பழைய வேலைகள் முதல் வகை. முகப்புப் பக்கம் இரண்டாம் வகை.

அதிலும் முகப்புதான் இருப்பதிலேயே கனமான பக்கம். உங்கள் சரக்கையும் வாங்குபவரையும் புரிந்துகொள்ள இரண்டு மூன்று மணி நேரம், போட்டியாளர் தளங்களைப் பார்க்க இரண்டு, வண்ணமும் எழுத்தும் தேர்ந்தெடுக்க இரண்டு, கணினிக்கும் மொபைலுக்கும் தனித்தனியே அடுக்க ஆறு முதல் எட்டு. நேர்மையாகச் செய்தால் 15 மணி நேரம் வரை ஆகும். முழுத் தளத்தின் யோசனையும் அதற்குள் அடங்கிவிடும்.

நியாயம் ஒருபுறம் இருக்கட்டும். இலவச சாம்பிள் உங்களுக்கே தவறான ஆளைக் காட்டிக்கொடுக்கும் என்பதுதான் பெரிய சிக்கல். கையில் வேலை நிறைய இருப்பவர் 15 மணி நேரத்தைச் சும்மா தர மாட்டார், அதனால் முதலிலேயே கழன்றுகொள்வார். அனுப்புகிறவர்களில் பலர் ஆயத்த டெம்ப்ளேட் ஒன்றில் உங்கள் லோகோவை ஒட்டி அனுப்புவார்கள். இப்போது ஏஐ கருவிகள் பத்து நிமிடத்தில் பளபளப்பான முகப்பு ஒன்றைத் துப்பிவிடுகின்றன. உங்களுக்குப் பிடித்த அந்தப் படத்தில் இருப்பவை யார் வீட்டுப் படுக்கையோ, நான்கே சொல்லில் அழகாக அடங்கிய ஆங்கிலத் தலைப்பு, கண்ணை உறுத்தாத கற்பனை விலைகள். உங்கள் கிடங்கில் கைப்பேசியில் எடுத்த படமும், ‘கைத்தறி ஜக்கார்டு இரட்டைப் படுக்கை விரிப்பு, 2 தலையணை உறைகளுடன்’ என்ற நீளப் பெயரும் ஏறிய பிறகு அது எப்படி நிற்கும் என்று அந்தப் படம் சொல்லாது.

ஆக, முதலில் நாலு விரல் துண்டைப் பாருங்கள். ஒவ்வொருவரிடமும் இப்போது இயங்கிக்கொண்டிருக்கும் மூன்று தளங்களின் முகவரி வாங்குங்கள். ஸ்கிரீன்ஷாட் போதாது. அவற்றைக் கணினியில் அல்ல, சாதாரண ஆண்ட்ராய்டு போனில், வைஃபையை அணைத்துவிட்டுத் திறங்கள். ஒரு பொருளைத் தேடிக் கூடையில் போட்டு, பணம் கட்டும் பக்கம் வரை போங்கள். கூகுளின் பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸில் முகவரியைப் போட்டு, மொபைல் பகுதியில் எல்சிபி என்ற எண்ணைப் பாருங்கள். பக்கத்தின் முக்கியப் படமோ எழுத்தோ திரையில் வர ஆகும் நேரம் அது. 2.5 வினாடிக்குள் இருந்தால் நல்லது, 4-ஐத் தாண்டினால் மோசம். பிறகு கணினியில் அதே பக்கத்தைத் திறந்து கன்ட்ரோல் விசையோடு யு-வை அழுத்தினால் பக்கத்தின் உள்நிரல் தெரியும். வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில் கட்டிய தளமாக இருந்தால் அதில் ‘தீம்ஸ்’ (themes) என்ற ஆங்கிலச் சொல்லைத் தேடுங்கள். அதை ஒட்டிச் சாய்கோடு போட்டு வரும் பெயர்தான் அவர் பயன்படுத்திய தீம், அதாவது ஆயத்தத் தோற்றம். தீம் வாங்கிப் பயன்படுத்துவது குற்றமில்லை, சின்னக் கடைக்கு அதுவே போதும். ஆனால் ‘எல்லாம் நானே அடியிலிருந்து செய்தது’ என்று சொன்னவரின் மூன்று தளத்திலும் ஒரே தீம் இருந்தால் யோசியுங்கள்.

தளம் மோசமாக இருக்கிறதே என்று அவசரப்பட்டு டிசைனரைக் குறை சொல்ல வேண்டாம். வேலையை ஒப்படைத்த பிறகு தளத்தின் சொந்தக்காரர் தானே எதையாவது ஒட்டிக் கெடுத்திருக்கலாம், அது அடிக்கடி நடப்பதுதான். இன்டர்நெட் ஆர்கைவின் வேபேக் மெஷினில் பழைய தோற்றம் பெரும்பாலும் கிடைக்கும். ‘இதில் உங்கள் பங்கு என்ன? டிசைனா, கோடிங்கா, இரண்டுமா?’ என்றும் கேளுங்கள். அந்தத் தளக்காரர் ஒருவரிடம் போனில் பேசுங்கள். சொன்ன தேதிக்கு முடித்தாரா, முடித்த பிறகு கூப்பிட்டால் எடுக்கிறாரா, டொமைன் (தளத்தின் முகவரிப் பெயர்) யார் பெயரில் இருக்கிறது என்று மூன்று கேட்டால் போதும்.

இதில் தேறியவர்களோடு முக்கால் மணி நேரம் உட்காருங்கள். உங்கள் விலைப் பட்டியலையும் பத்துப் படங்களையும் முன்னால் வைத்துவிட்டு நீங்கள் பேசாமல் இருங்கள். ‘என்ன கலர் பிடிக்கும்?’ என்று தொடங்குபவரைவிட, பார்சல் எடை எவ்வளவு, திருப்பி அனுப்பினால் கூரியர் செலவு யாருடையது, ஒரே டிசைனில் மறுபடி சரக்கு வருமா, மொத்த ஆர்டருக்குத் தனி விலையா, ஸ்டாக்கைத் தினமும் யார் மாற்றுவார் என்று குடைபவரே வேலைக்கு ஆவார். பெரும்பாலும் இந்தக் கட்டத்திலேயே முடிவு உங்களுக்குத் தெரிந்துவிடும்.

அப்படியும் இருவருக்கிடையே ஊசலாடினால், காசு கொடுத்து ஒரு சிறு சோதனை வேலை கொடுங்கள். வேர்ட்பிரஸ்.காம் நடத்தும் ஆட்டோமேட்டிக் நிறுவனம் ஆள் எடுக்கும்போது இப்படித்தான் செய்தது. எந்தப் பதவியானாலும் சோதனை வேலைக்கு மணிக்கு 25 டாலர் என்று ஒரே தொகை வைத்திருந்தது. சாம்பிளுக்கு 4,000 கேட்டாரே, அவரை இந்தப் பட்டியலில் முதலில் சேருங்கள். தன் நேரத்துக்குக் கணக்கு வைத்திருப்பவர் உங்கள் தேதிக்கும் கணக்கு வைத்திருக்க வாய்ப்பு அதிகம்.

சோதனைக்கு முகப்பு வேண்டாம். மொபைல் அளவில், அதாவது 360 பிக்சல் அகலத்தில், ஒரே ஒரு பொருளின் பக்கம் போதும். விற்பனை நடப்பதும் கோளாறு வருவதும் அங்கேதான். ஒரு படுக்கை விரிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று அளவு (60×90, 90×100, 108×108 அங்குலம்), நான்கு நிறம், அதில் ஒரு நிறம் ஸ்டாக் இல்லை, தமிழிலும் ஆங்கிலத்திலும் பெயர், உங்கள் போனில் எடுத்த ஆறு படங்கள். நான்கிலிருந்து ஆறு மணி நேர வேலை. இப்படி எழுதி அனுப்பலாம் (ஃபிக்மா என்பது டிசைன் வரையும் மென்பொருள்):

“வணக்கம் சார். எங்கள் தளத்துக்கு ஒரு தயாரிப்புப் பக்கம், மொபைல் அளவில், ஃபிக்மாவில் வேண்டும். படங்களும் விவரமும் இத்துடன் இருக்கின்றன. 5 மணி நேரம் என்று கணக்கிட்டு 3,500 ரூபாய். பாதி இன்றே அனுப்புகிறோம், மீதி ஃபைல் வந்த அன்று. ஒரு முறை திருத்தம் கேட்போம். இதே வேலையை இன்னொருவருக்கும் கொடுத்திருக்கிறோம். உங்களைத் தேர்ந்தெடுக்காவிட்டால் இந்த டிசைனைப் பயன்படுத்த மாட்டோம், நீங்கள் உங்கள் போர்ட்ஃபோலியோவில் வைத்துக்கொள்ளலாம். 20ஆம் தேதிக்குள் முடிவு சொல்கிறோம்.”

3,500 என்பது உதாரணம்தான், அவரவர் மணிக்கட்டணத்தைக் கேட்டுப் போடுங்கள். முழு வேலை கிடைத்தால் இந்தத் தொகை அதில் கழியுமா என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள், பிறகு சொன்னால் மனக்கசப்பு.

வந்ததும் முதலில் தமிழைப் பாருங்கள். ஆங்கிலத்தில் ‘பை’ (Buy) என்று மூன்றெழுத்துக்கு அளந்து வரைந்த பட்டனில் ‘கூடையில் சேர்க்கவும்’ ஏறினால் இரண்டு வரியாக மடங்கும், இல்லையேல் ‘கூடையில் சேர்…’ என்று வெட்டுப்படும். இதை யோசித்துச் செய்திருக்கிறாரா? தேர்ந்தெடுத்த எழுத்துருவில் தமிழ் இல்லாவிட்டால் போன் தன்னிடமுள்ள ஏதோ ஒரு தமிழ் எழுத்தைப் போட்டுவிடும், ஆங்கிலம் ஒல்லியாகவும் தமிழ் தடியாகவும் நிற்கும். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், ஹிந்த் மதுரை போன்றவை இலவசமாகவே கிடைக்கின்றன. வரி இடைவெளி நெருக்கமாக இருந்தால் மேல்வரியின் ‘கூ’ காலும் கீழ்வரியின் ‘கீ’ சுழியும் முட்டிக்கொள்ளும். அடுத்து எழுத்தின் நிறம். வெள்ளைப் பின்னணியில் வெளிர்சாம்பல் எழுத்து டிசைனர்களுக்குப் பிடித்த வியாதி. பார்வை குறைந்தவரும் படிக்க உதவும் வலை அணுகல் வழிகாட்டி, சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே 4.5:1 வெளிச்ச வேறுபாடு கேட்கிறது. #999999 என்ற நிறக் குறியீடு கொண்ட சாம்பல் 2.85 தான் தரும், #767676 தேறிவிடும். ஸ்டாக் இல்லாத நிறத்தை அழுத்தினால் என்ன தெரிகிறது என்பதையும் பாருங்கள். பலர் அதை வரையவே மறந்திருப்பார்கள்.

எல்லாவற்றையும்விட அந்த ஒரு திருத்தம்தான் ஆளைக் காட்டும். வேண்டுமென்றே கொஞ்சம் குழப்பமான ஒன்றைக் கேளுங்கள்: ‘விலை இன்னும் பளிச்சென்று தெரியணும், ஆனா கண்ணை உறுத்தக் கூடாது.’ எதிர்க்கேள்வி கேட்கிறாரா, இரண்டு வழி காட்டுகிறாரா, எழுத்தைப் பெரிதாக்கி அப்படியே அனுப்புகிறாரா?

சம்பளத்துக்கு ஆள் எடுக்கும்போது ஒரு மணி நேரத்துக்குள் முடியும் எழுத்துத் தேர்வு போன்ற பணி, கற்பனைக் கடைக்கு, உங்களுக்கு எந்தப் பயனும் இல்லாததாக இருந்தால் காசில்லாமல் கேட்பதில் தவறில்லை. இப்போதுதான் படித்து முடித்தவர், காட்டப் பழைய வேலை இல்லாதவர் என்றாலும் இலவசம் கேட்காதீர்கள். அவருக்குத்தான் இந்தக் கூலிச் சோதனை மிகவும் பொருந்தும்.

வரியைப் பற்றிக் கவலை வேண்டாம். தொழில்முறைக் கட்டணத்துக்கான டிடிஎஸ் (பணம் கொடுக்கும்போதே பிடித்துக் கட்டும் வரி), ஒருவருக்கு ஆண்டில் 50,000 ரூபாயைத் தாண்டும்போதுதான் வரும் (ஏப்ரல் 2025 முதல், அதற்கு முன் 30,000). சோதனைத் தொகை அதில் சேராமல் போகாது, முழு வேலையின் தொகையோடு கூட்டிப் பாருங்கள். யுபிஐயில் அனுப்பி, அவரிடம் பில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே அனுப்பிய இருவருக்கும் இந்த வாரமே பதில் போடுங்கள். பிடிக்காத டிசைனை அனுப்பியவரிடம் நன்றி சொல்லி, அதைப் பயன்படுத்தப் போவதில்லை என்று எழுத்தில் தெரிவியுங்கள். பிடித்த டிசைனைச் செய்தவரிடம் விலையைக் குறைக்கச் சொல்லாமல் வேலையைக் குறைத்துக் கேட்டுப் பாருங்கள்: முதலில் முகப்பும் பொருள் பக்கமும் கூடையும் மட்டும், பிளாகும் மொத்த ஆர்டர் பகுதியும் ஆறு மாதம் கழித்து. கட்டுப்படியாகாத விலை பல சமயம் இங்கேயே படிந்துவிடும்.