சிவப்புச் செம்பருத்தியின் இதழ் நரம்புகள் படத்தில் தெரிய என்ன செய்வது?

கேள்வி: தண்டையார்பேட்டையில் எங்கள் மொட்டை மாடித் தொட்டிகளில் பூக்கும் சிவப்புச் செம்பருத்தியைக் கைபேசியில் படமெடுத்தால், மடிப்போ நரம்போ தெரியாமல் ஒரே சிவப்புத் திட்டாக வருகிறது. நந்தியாவட்டையோ முழுவதும் வெளிறிவிடுகிறது. விலையுயர்ந்த கேமரா வாங்கத்தான் வேண்டுமா?

பதில்: வேண்டியதில்லை. பெரும்பாலான கேமரா சென்சார்களில் (ஒளியைப் பதிவு செய்யும் சில்லுகளில்) ஒவ்வொரு நான்கு ஒளிப்புள்ளிகளில் 2 பச்சையையும், 1 சிவப்பையும், 1 நீலத்தையும் பதிவு செய்கின்றன; அதாவது சிவப்பைப் பதிவு செய்வது கால்பங்கு மட்டுமே. பூவைச் சுற்றிலும் கரும்பச்சை இலைகள் இருக்கும்போது, காட்சி இருட்டாக இருப்பதாகக் கருவி கணித்து ஒளியைக் கூட்டுகிறது. அதனால் செம்பருத்தியின் சிவப்பு மட்டும் தன் உச்ச அளவைத் தொட்டு நின்றுவிட, இதழின் மேடும் பள்ளமும் ஒரே மதிப்பாகப் பதிவாகி, நுண்மை அங்கேயே தொலைந்துபோகிறது. இப்படித் தொலைந்ததைப் பிறகு எந்தச் செயலியாலும் முழுமையாக மீட்க முடியாது. இலைகளின் நடுவே சிறிதாகத் தெரியும் நந்தியாவட்டை வெளிறுவதற்கும் இதே கணிப்புதான் காரணம்.

ஆகவே திரையில் பூவின் மேல் விரலால் தொட்டு, பக்கத்தில் தோன்றும் சூரியக் குறியைக் கீழே இழுத்து, படம் சற்று இருட்டாகத் தெரியும் வரை ஒளியைக் குறையுங்கள். கேமராவாக இருந்தால் எக்ஸ்போஷரை (படத்தில் பதிவாகும் ஒளியளவை) முக்கால் முதல் ஒரு ஸ்டாப் வரை (ஒரு ஸ்டாப் குறைத்தால் ஒளி பாதியாகும்) குறைத்து, ஹிஸ்டோகிராமில் (ஒளியளவுகளைக் காட்டும் வரைபடத்தில்) சிவப்புக் கோடு வலது ஓரத்தில் முட்டாமல் பார்த்துக்கொள்ளலாம். வெள்ளைப் பூ படச்சட்டம் முழுவதையும் நிறைத்தால் கணக்கு தலைகீழாகும். கருவி அதைச் சாம்பல் நிறமாக்க முயலுமாதலால், அப்போது ஒளியைக் கூட்ட வேண்டும்.

சுமார் 13 பாகை வட அட்சரேகையில் உள்ள நம் ஊரில், ஏப்ரல் பிற்பகுதியிலும் ஆகஸ்ட் நடுப்பகுதியிலும் நண்பகல் சூரியன் ஏறத்தாழ நேர் உச்சிக்கு வந்துவிடுவதால், அந்த நேரத்தில் பூவை விட்டுவிடுவதே நல்லது. காலை வெயில் சாய்வாக விழும்போது, பூவுக்குப் பின்னாலிருந்து ஒளி வரும்படி நின்று பாருங்கள்: செம்பருத்தி இதழ் ஒளியை ஊடுருவவிடும், நரம்புகள் தாமாகத் துலங்கும். வெயில் ஏறிவிட்டால் மெல்லிய வெள்ளை வேட்டியை இருவர் விரித்துப் பிடித்தாலே போதும், நிழல் மென்மையாகிவிடும். வடசென்னை மாடிகளில் கவனிக்க வேண்டிய இன்னொன்று, அடுத்த வீட்டுச் சுவரின் பச்சை, ரோஸ் வண்ணங்களும் நீலத் தார்ப்பாயும் வெள்ளை இதழில் எதிரொளிக்கும். தொட்டியை இரண்டடி நகர்த்துவது, பிறகு நிறம் திருத்துவதைவிட எளிது. கோடையில் முற்பகலுக்குப் பின் கடற்காற்று தொடங்கினால் இதழ்கள் அசையும், அதனாலும் காலையே உகந்தது. செம்பருத்தியில் பல வகைகள் ஒரு நாளிலேயே வாடிவிடும் என்பதையும் மறக்க வேண்டாம்.

நிறச்செறிவை ஏற்றும் வடிகட்டிகளை மட்டும் சிவப்புப் பூவுக்குத் தொடாதீர்கள். நீங்கள் பாடுபட்டுக் காத்த மடிப்புகளை அவை ஒரே இழுப்பில் மீண்டும் திட்டாக்கிவிடும்.