சின்னானுக்கு முகவரி வேண்டாம்

ஐயா,
சேலத்தில் கல்லூரி ஒன்றில் விலங்கியல் ஆசிரியை நான். அழிந்துவரும் ஓர் உயிரினத்தைப் பற்றி ஆய்ந்து எழுதுங்கள் என்றேன். பாதிப் பேர் புலி, மீதிப் பேர் பனிக்கரடி. எல்லாம் செல்போனில் சுட்டது. நல்ல கட்டுரைகளை முகநூலில் போடுவதாக வேறு சொல்லிவிட்டேன். என்ன செய்யலாம்?

அன்புள்ள டீச்சர்,
சேலத்து வெயிலில் பனிக்கரடி பாவம்! வனத்துறையிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு, பிள்ளைகளை விடியற்காலையில் ஏற்காடு அடிவாரத்துக்குக் கூட்டிப்போங்கள். அங்கே சேர்வராயன் மலைச் சரிவில், பாறையும் முட்புதருமான இடங்களில் மஞ்சள் தொண்டைச் சின்னான் உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனியின் ராணுவ மருத்துவர் ஜெர்டன் 1845-இல் விவரித்த பறவை. தென்னிந்தியக் குன்றுகளை விட்டால் உலகில் வேறெங்கும் கிடையாது. ஆபத்திலிருக்கும் உயிரினங்களுக்கான உலகச் சிவப்புப் பட்டியலில் 'அழியவாய்ப்புள்ள இனம்' என்றிருக்கிறது.

வீட்டுப் பக்கத்துக் கொண்டைக்குருவி மாதிரி கம்பியில் வந்து உட்காராது. முதலில் குரல்தான். காத்திருந்தால் உண்ணிச்செடி ஓரத்தில் மஞ்சள் தலை ஒன்று எட்டிப்பார்த்துவிட்டு மறையும். கொண்டைக்குருவிக்கு வாலடி சிவப்பு, இதற்கு? அதைப் பார்க்க இன்னும் அரைமணி நேரம் உட்காரும் பிள்ளையிடம் கட்டுரையைக் கொடுங்கள்.

புதரோடு பாறையையும் குவாரி தின்றால் பறவை எங்கே போகும் என்ற கேள்வி தானாக வரும். வகுப்பில் யாராவது ஒருவரின் அப்பா குவாரி லாரி ஓட்டுவார். அவரிடமும் பேசட்டும். அவரைத் திட்டி எழுத வேண்டாம்.

முகநூலுக்கு வருகிறேன். இடத்தைச் சொல்லாதீர்கள். பல வருடம் முன்பு மலைமேல் ஒரு மரத்தில் பூத்திருந்த ஆர்க்கிட்டைப் பற்றி, எந்தத் தோட்டம், எந்த வளைவு என்று வழி சொல்லி எழுதினேன். ஊருக்கே காட்டிக்கொடுக்கிற பெருமை. அடுத்த பூப்பில் போனேன். பட்டையில் வேர் ஒட்டியிருந்த வெளுத்த தடம் மட்டும் இருந்தது. எடுத்தது யாரோ, வழி சொன்னது நான்.

சின்னானை யாரும் பிடுங்கிப் போக மாட்டார்கள்தான். ஆனால் அதன் குரலைச் செல்போனில் ஒலிக்கவிட்டு, படத்துக்காகத் திரும்பத் திரும்ப வெளியே இழுப்பார்கள், கூடு கட்டும் காலத்திலும். 'சேர்வராயன் அடிவாரம்' என்றால் போதும். படத்தோடு இடக்குறிப்பும் ஒட்டிக்கொண்டு போகும். செல்போனில் அதை அணைத்துவிட்டு எடுக்கச் சொல்லுங்கள். சரியான இடம், தேதி, நேரம் எல்லாம் நோட்டில் இருக்கட்டும், நோட்டு உங்கள் பீரோவில் இருக்கட்டும்.

கட்டுரை வந்ததும் எனக்கும் அனுப்புங்கள். புலிக் கட்டுரைகள் வேண்டாம்.