ஒன்பது வெற்றி போதாதா?

கேள்வி: அமெரிக்கப் பல்கலைக்கழக ஃபுட்பால் (நம் கால்பந்து அல்ல, பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டம்) அணிகளின் தலைமைப் பயிற்சியாளர்கள், பதவி பறிபோனாலும் கோடி கோடியாக வாங்கிக்கொண்டுதான் போகிறார்கள். அவர்களுக்குப் பணிப் பாதுகாப்பு இல்லை என்று வருத்தப்பட என்ன இருக்கிறது?

பதில்: பணத்தைப் பொறுத்தவரை நீங்கள் சொல்வது சரி. 2023 நவம்பர் 11 அன்று டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழக அணி மிசிசிப்பி ஸ்டேட்டை 51-10 என்று வென்றது. மறுநாளே அதன் பயிற்சியாளர் ஜிம்போ ஃபிஷர் நீக்கப்பட்டார். ஒப்பந்தத்தில் எஞ்சியிருந்த ஆண்டுகளுக்காக அவருக்குத் தர வேண்டியிருந்த தொகை 7.5 கோடி டாலருக்கும் அதிகம். அவரை எண்ணி யாரும் வருந்த வேண்டியதில்லை. ஆனால், ஒப்பந்தம் காப்பது பயிற்சியாளரின் பணத்தைத்தான். அவருடைய பதவி நிற்பதும் போவதும் ரசிகர்களும் நன்கொடையாளர்களும் வைத்திருக்கும் எதிர்பார்ப்பைப் பொறுத்தது. அந்த எதிர்பார்ப்பு நியாயமானதுதானா என்று நீங்கள் கேட்டிருக்க வேண்டும்.

நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தைப் பாருங்கள். அங்கே டாம் ஆஸ்போர்ன் 1973 முதல் 1997 வரை 25 சீசன்கள் தலைமைப் பயிற்சியாளராக இருந்தார்; ஒவ்வொரு சீசனிலும் ஒன்பது ஆட்டங்களுக்குக் குறையாமல் வென்றார்; மூன்று முறை தேசியப் பட்டம் பெற்றுத் தந்தார். அவருக்குப் பின் வந்த ஒவ்வொருவரையும் அந்த மாநிலம் இந்தப் பட்டங்களை வைத்தே எடைபோட்டது. முதல் பட்டம் 1994-இல், அதாவது அவருடைய 22-ஆவது சீசனில்தான் கிடைத்தது என்பதும், முதல் ஐந்து ஆண்டுகளும் போட்டி அணியான ஓக்லஹோமாவிடம் தொடர்ந்து தோற்றவர் அவர் என்பதும் அந்தக் கணக்கில் வரவே இல்லை. இன்றைய அவசரத்தில் அவர் ஆறாம் ஆண்டைப் பார்த்திருக்க மாட்டார் என்றே நான் கருதுகிறேன்.

அவரிடம் நெடுங்காலம் உதவியாளராக இருந்து அவருடைய இடத்துக்கு வந்த ஃபிராங்க் சோலிச், ஆறு ஆண்டுகளில் 58 வெற்றி, 19 தோல்வி என்ற கணக்கோடு நின்றார். 2003-இல் ஒன்பது ஆட்டங்கள் வென்று மூன்றில் மட்டுமே தோற்றிருந்த நிலையில் நீக்கப்பட்டார். மறு ஆண்டே நெப்ராஸ்கா, 1961-க்குப் பிறகு முதன்முறையாக, வென்றதைவிட அதிகமாகத் தோற்றது. அதன்பின் 2008 முதல் ஏழு சீசன்களிலும் ஒன்பதுக்குக் குறையாமல் வென்ற போ பெலினியும் 2014-இல் அனுப்பப்பட்டார். அடுத்து வந்த மைக் ரைலி 19 வென்று 19 தோற்றார். ஸ்காட் ஃப்ராஸ்ட் 16 வென்று 31 தோற்றார். ஃப்ராஸ்டை நீக்கியதைக் குறை சொல்ல மாட்டேன். முழுதாக ஆடிய நான்கு சீசன்களிலும் அவருக்குத் தோல்வியே அதிகம். ஆனால் 2022 செப்டம்பர் 11 அன்று, ஜார்ஜியா சதர்னிடம் சொந்த மைதானத்தில் 45-42 என்று தோற்ற மறுநாளே, அவரை வெளியேற்றினார்கள். அக்டோபர் 1 வரை பொறுத்திருந்தால் இழப்பீடு 1.5 கோடி டாலரிலிருந்து பாதியாகக் குறைந்திருக்கும். மூன்று வாரம்கூடப் பொறுக்க முடியவில்லை. ஒன்பது வெற்றியைப் போதாது என்று இரண்டு முறை தள்ளிய ஊர், அந்த ஒன்பதுக்காகவே ஏங்கும் நிலைக்கு வந்தது.

உங்கள் வருத்தத்தை வேறு இருவருக்காக வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் உதவிப் பயிற்சியாளர். தலைமைப் பயிற்சியாளர் போனால், புதியவர் தம் ஆட்களையே அழைத்து வருவார் என்பதால், பிள்ளைகளைப் பள்ளி மாற்றி, வீட்டைக் காலி செய்து, வேறு மாநிலத்தில் வேலை தேடுபவர் அவரே. மற்றவர் அணியில் ஆடும் மாணவர். அவருக்குப் பதினேழு வயதானபோது, அவர் வீட்டுக் கூடத்தில் வந்து உட்கார்ந்து, "உங்கள் பையனை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று தாயிடம் உறுதி கூறிய பயிற்சியாளரை நம்பித்தான் அவர் அந்தப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்திருப்பார். இப்போது அந்த நாற்காலியில் இருப்பவரோ, அவரை ஒரு முறைகூட நேரில் பார்த்திராதவர்.